பருவுக்கு ஒரு ட்யூப்
(பழைய மாணவர் கூடுகையில் பேசியது)

கிள்ளையிலிருந்து பஸ்ஸில் வந்து படித்தவன் நான். என்ஜினியருக்கு முகப்பருவில் என்ன வேலை என்பீர்கள். கம்பெனிக்கு ஆளெடுக்கப் போன இடத்தில் ஒரு பையன், பருவை மறைக்கத் தலையைக் குனிந்தபடியே பதில் சொன்னான். பாடமெல்லாம் நன்றாகத் தெரிந்த பையன்!

எங்க ஊர்ப் பக்கம் இறால் பண்ணைக்காரரைக் கேளுங்கள். சரக்கில் குளோராம்பெனிகால் தெரிந்தால் ஐரோப்பா வாங்காது. ஆன்டிபயாடிக் என்றால் அவருக்கு அவ்வளவு பயம். நாமோ மெடிக்கல் ஷாப்பில், "பருவுக்கு ஒரு ட்யூப் குடுங்கண்ணே" என்று வாங்கி மாதக்கணக்கில் முகத்தில் பூசுகிறோம்.

அதில் அநேகமாக கிளின்டாமைசின் இருக்கும். நல்ல மருந்துதான். ஆனால் அதை மட்டுமே தடவிக்கொண்டிருந்தால் கிருமி பழகிவிடும். அப்புறம் மருந்து கேட்காது. கூடவே பென்சாயில் பெராக்சைடும் சேர்ந்தால் கிருமிக்கு அந்த வழி அடைபடும். (தலையணை உறை வெளுத்துப்போகும், அம்மாவிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்க!) பலன் தெரிய 6 முதல் 8 வாரம் ஆகும். பொறுக்கணும். ஆன்டிபயாடிக்கைப் பொதுவாக 3 மாதத்துக்கு மேல் நீட்டுவதில்லை.

இதைவிட மோசம் ஸ்டீராய்டு கலந்த க்ரீம். நாலு நாளில் முகம் பளிச்சென்று ஆகும். நிறுத்தினால் பரு முன்னைவிட அதிகமாகக் கிளம்பும், தோலும் மெலியும். 2018-இல் பூசும் ஸ்டீராய்டுகள் பலவற்றை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று மத்திய அரசு ஆணையிட்டது. சீட்டு கேட்காத கடைகள் இன்னும் இருக்கத்தான் செய்கின்றன.

அண்ணாமலைநகரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. தோல் டாக்டரைப் பாருங்கள். இதுவரை பூசிய ட்யூபையும் மறக்காமல் எடுத்துப் போங்க.