திடல் திறந்தது, திறமை தெரிந்தது



அமெரிக்கக் கல்லூரிகளில் பெண்களுக்குக் கால்பந்துத் திடல் நெடுங்காலம் பெரிதும் மூடியே கிடந்தது. அரசு நிதி பெறும் கல்விக்கூடங்கள் பெண்ணென்று எவரையும் ஒதுக்கலாகாதென 1972இல் சட்டம் வந்தது. 1982இல் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் மகளிர் கால்பந்துக்கு முதன்முறையாகப் போட்டி நடத்தியது. வட கரோலினாப் பல்கலைக்கழகம் வாகை சூடியது. 1988இல் அட்லாண்டிக் கடற்கரைக் கல்லூரிக் கூட்டமைப்பும் தன் மகளிருக்குச் சாம்பியன் போட்டி தொடங்கிற்று. இன்று அதில் வெல்லும் அணி, எவருடைய பரிந்துரையுமின்றித் தேசியப் போட்டிக்குள் நுழைகிறது.

திறமை 1972இல் பிறந்ததன்று. கதவுதான் அன்று திறந்தது. ஒதுக்கப்படுவதன் வலியை நாம் அறிவோம். ஒதுக்கப்பட்ட நாமே நம் பெண்மக்களை ஒதுக்கலாமா? மகனுக்குத் தரும் புத்தகத்தையும் பந்தையும் மகளுக்கும் தருவோம். வாழ்க கல்வி!