முதல் இரண்டு மாதம்: வேதியியல் வகுப்பும் நம் பிள்ளைகளும்

(ஆலயக் கல்வி ஊக்குவிப்பு நாளில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். அதை இந்த மேடையில் என்னைவிட நன்றாகப் பலர் பேசியிருக்கிறார்கள். ஆகவே அவருடைய அனுமதியோடு ஒரு சிறிய பொருளை எடுத்துக்கொள்கிறேன். எஸ்.பி.எம். முடித்து மெட்ரிகுலேஷன் கல்லூரிக்கோ ஆறாம் படிவத்திற்கோ போகும் நம் பிள்ளை, அங்கே முதன்முதலாக எதிர்கொள்ளும் வேதியியல் வகுப்பு. அதுதான் இன்று என் பொருள். சிறியதுதான். ஆனால் மருத்துவம், பல் மருத்துவம், மருந்தியல், இரசாயனப் பொறியியல் என்று நாம் கனவு காணும் படிப்புகளுக்கெல்லாம் அந்த ஒரு பாடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும்.

கல்லூரியில் இடம் கிடைக்குமா என்பதைப் பற்றி நம் சமுதாயம் பேசாத ஆண்டு இல்லை. பத்திரிகையில் எழுதுகிறோம், மனு கொடுக்கிறோம், தலைவர்களைச் சந்திக்கிறோம். 2024இல், எஸ்.பி.எம். தேர்வில் 10 ஏ பெற்றவர்களுக்கு இன வேறுபாடின்றி மெட்ரிகுலேஷனில் இடம் உண்டு என்று அரசாங்கம் அறிவித்தபோது மகிழ்ந்தோம். இவையெல்லாம் வேண்டியவைதான். ஆனால் இடம் கிடைத்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிள்ளை விடுதிக்குப் போன பிறகு என்ன நடக்கிறது என்று நாம் பேசுவதில்லை. முதல் இரண்டு மாதத்தில்தான் பலருடைய தலையெழுத்து தீர்மானமாகிறது என்பதை, ஓய்வு பெற்ற பிறகு பிள்ளைகளோடு இருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

நம் வட்டாரத் தோட்டம் ஒன்றில் வளர்ந்த இருவரைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். இருவரும் தமிழ்ப்பள்ளியில் என்னிடம் படித்தவர்கள், ஒரே வயது, ஒரே ஆண்டில் மெட்ரிகுலேஷன் போனவர்கள். ஐந்தாம் வாரம் ஒரு நாள் இரவு அந்தப் பெண் எனக்குத் தொலைபேசியில் அழைத்தாள். "சார், நான் வீட்டுக்கே வந்துடறேன் சார். எல்லாருக்கும் புரியுது, எனக்கு மட்டும் புரியல" என்று அழுதாள். விடைத்தாளைப் படம் பிடித்துப் புலனத்தில் அனுப்பச் சொன்னேன். பார்த்தால், கணக்கு அவளுக்குத் தெரிந்திருக்கிறது. சமன்பாடு சரி, பெருக்கல் சரி. கேள்வியில் 'எக்செஸ்' என்று ஒரு சொல் இருந்தது. ஒரு பொருள் தேவைக்கு மேல் இருக்கிறது என்று அதற்குப் பொருள். பள்ளியில் அவள் அதைப் 'பெர்லெபிஹான்' என்று மலாயில் படித்தவள். அந்த ஒரு சொல் புரியாமல் கணக்கையே தலைகீழாகப் போட்டிருந்தாள்.

அந்தப் பையன் யாரையும் அழைக்கவில்லை. ஏழாம் வாரம் பையோடு வீட்டு வாசலில் வந்து நின்றான். எஸ்.பி.எம். வேதியியலில் அவன் அவளைவிட நல்ல தேர்ச்சி பெற்றவன். இன்று ஒரு கிடங்கில் உழைத்துச் சம்பாதிக்கிறான். அந்த உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அவன் தானாக விரும்பிப் போன வழி அது இல்லை.

பிள்ளைக்கு அறிவு போதவில்லை என்று பெற்றோர் நினைக்கிறார்கள். பிள்ளையும் அப்படியே நம்பிவிடுகிறது. உண்மையில் தடுக்கி விழவைப்பவை இரண்டு: ஒன்று மொழி, மற்றொன்று வேகம்.

மொழியை எடுத்துக்கொள்வோம். தமிழ்ப்பள்ளியில் காடித்தன்மை, காரத்தன்மை என்று படிக்கிறோம். இடைநிலைப்பள்ளியில் பெரும்பாலோர்க்கு அது மலாய். மெட்ரிகுலேஷனில் அறிவியல் பாடங்கள் ஆங்கிலம். ஒரே பொருளுக்கு மூன்று பெயர். தமிழில் உப்பு, மலாயில் 'காரம்', ஆங்கிலத்தில் 'சால்ட்'. ஆனால் தமிழில் காரம் என்றால் அமிலத்துக்கு நேர் எதிரானது! வீட்டிலோ காரம் என்றால் மிளகாய். வீழ்படிவு 'மெண்டாக்கான்' ஆகி, பிறகு 'பிரெசிபிடேட்' ஆகிறது. இத்தனையையும் ஒரு தலைக்குள் வைத்துக்கொண்டு, விரிவுரையாளர் பேசும் வேகத்தில் எழுத வேண்டும். 2003 முதல் சில ஆண்டுகள் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பித்தார்கள். 2012 முதல் அதைப் படிப்படியாக நிறுத்தினார்கள். 2016இல் இருமொழித் திட்டம் சில பள்ளிகளுக்கு வந்தது. ஆகவே ஒரே வகுப்பில் உட்காரும் பிள்ளைகள் வெவ்வேறு மொழியில் படித்துவிட்டு வந்தவர்கள். "எல்லாருக்கும் புரியுது" என்று அந்தப் பெண் நினைத்தாளே, அந்த 'எல்லாரும்' பெரும்பாலும் ஆங்கிலத்தில் படித்தவர்கள். வேறொன்றும் இல்லை.

அடுத்தது வேகம். பள்ளியில் வேதியியலை இரண்டு ஆண்டுகளில் நிதானமாகப் படித்தோம். ஆறாம் படிவத்தில் மூன்று பருவம். மெட்ரிகுலேஷனின் ஓராண்டுத் திட்டத்தில் இரண்டே பருவம். முதல் பருவத்திலேயே அணு அமைப்பு, தனிம வரிசை அட்டவணை, பிணைப்பு, சமநிலை, அயனிச் சமநிலை என்று ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும். இவற்றுக்கெல்லாம் அடித்தளம் முதல் சில வாரங்களில் நடத்தும் 'மோல்' கணக்கு. அது ஆடினால் மேலே கட்டுவதெல்லாம் ஆடும்.

மோல் என்றால் பயப்பட ஒன்றும் இல்லை. முட்டையை டசன் கணக்கில் வாங்குகிறோம். வெற்றிலையைக் கவுளிக் கணக்கில் வாங்குகிறோம். அணுவும் மூலக்கூறும் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை. அவற்றை எண்ணுவதற்கு மிகப் பெரிய ஒரு கட்டு வேண்டும். அந்தக் கட்டில் இருப்பது ஏறத்தாழ 6022க்குப் பின்னால் 20 சுழியங்கள் போட்ட எண். 2019 முதல் உலக அளவை முறையில் இந்த எண்ணையே நிலையாக வைத்து மோலை வரையறுத்திருக்கிறார்கள்.

அந்தப் பெண்ணைத் தடுக்கிய 'எக்செஸ்' கணக்கை நான் தாம்பூலப் பையை வைத்துச் சொல்லிக் கொடுத்தேன். ஒரு பைக்கு ஒரு தேங்காய், இரண்டு வாழைப்பழம். கையில் 100 தேங்காயும் 150 பழமும் இருந்தால் எத்தனை பை போடலாம்? 75 தான். பழம் தீர்ந்துவிடும், 25 தேங்காய் மிஞ்சும். தேங்காய்தான் 'எக்செஸ்'. எத்தனை பை என்று முடிவு செய்வது பழம். வேதியியல் வினையிலும் இதே கணக்குத்தான். கலியாண வீட்டில் நம் தாய்மார்கள் தாளும் பேனாவும் இல்லாமல் போடும் கணக்கு இது.

தாய்மார்களே, பெரியோர்களே, வேதியியல் நமக்குப் புதிய சரக்கு இல்லை. நான் பிறந்தது போர்ட்டிக்சன் சாலையில் ஒரு ரப்பர் தோட்டம். அம்மா பால்வெட்டு, அப்பா பால் ஸ்டோரில் வேலை. லின்சம், லாபு, சுவாபெத்தோங், பகாவ் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்த என் வயதுக்காரர்களுக்கு நான் சொல்வது தெரியும். மங்கில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து ஸ்டோருக்குக் கொண்டுவருவார்கள். வழியிலேயே உறைந்துவிடாமலிருக்க அம்மோனியா சேர்ப்பது உண்டு. ஸ்டோரில் தண்ணீர் கலந்து, தொட்டியில் பார்மிக் அமிலம் ஊற்றுவார்கள். பால் தயிர்போல உறையும். பிறகு உருளையில் கொடுத்துத் தகடாக்கிப் புகை போடுவார்கள்.

என்ன நடந்தது அங்கே? பாலில் மிதக்கும் ரப்பர் துகள்களுக்கு எதிர்மின்னூட்டம் உண்டு. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருப்பதால் ஒட்டாமல் மிதக்கின்றன. புதிய பாலின் பி.எச். அளவு 7ஐ ஒட்டி இருக்கும். அமிலம் சேர்த்து அது 5க்குக் கீழே இறங்கும்போது மின்னூட்டம் அடங்கிவிடுகிறது. துகள்கள் ஒன்றுசேர்ந்து கட்டியாகின்றன. வழியில் சேர்த்த அம்மோனியாவோ காரம். அது அமிலத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். அதனால்தான் அம்மோனியா அதிகம் ஊற்றிய நாளில் அமிலமும் அதிகம் தேவைப்பட்டது. எவ்வளவு அதிகம்? 17 கிராம் அம்மோனியா ஒரு மோல். 46 கிராம் பார்மிக் அமிலம் ஒரு மோல். ஒரு மோலுக்கு ஒரு மோல் சரி. ஆக 17 கிராமை அடக்க 46 கிராம் வேண்டும். கல்லூரியில் முதல் மாதம் நடத்தும் கணக்கு இதுதான்.

பார்மிக் அமிலத்தின் பெயரே எறும்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஜான் ரே என்னும் அறிஞர் எறும்புகளை வாலையில் இட்டு வடித்து அதைப் பிரித்தெடுத்தார். ஆய்வுக்கூடத்தில் முதல் நாள் சொல்லும் எச்சரிக்கை, தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது என்பது. அப்பா அதை எனக்குச் சிறுவயதிலேயே சொல்லியிருந்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாலில் ரப்பர் எவ்வளவு என்று அறியக் கிராணி 'மெட்ரோலாக்' என்னும் மிதவைக் கருவியை விட்டுப் பார்ப்பார். ரப்பர் தண்ணீரைவிட இலேசானது. ரப்பர் மிகுந்த பாலில் கருவி ஆழமாக இறங்கும், தண்ணீர் மிகுந்த பாலில் மேலே நிற்கும். அந்த எண்ணைக் கொண்டு உலர்ந்த ரப்பரின் எடையைக் கணக்கிட்டார்கள். கூலி அந்தக் கணக்கைப் பொறுத்தது. அம்மா அந்த எண்ணை எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பார். அது எப்படி வந்தது என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. அடர்த்தி என்ற ஒரே பாடம்தான் அது. கணக்குத் தெரிந்தவர் கையில் கூலி இருந்தது. நம் பிள்ளைகள் இதைப் படிக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

தோட்டத்தில் பிறந்தவர் வேதியியலில் எவ்வளவு தூரம் போக முடியும்? சிலாங்கூரில், சுங்கை பூலோ பக்கத்து ரப்பர் தோட்டத்தில் 1929இல் பிறந்தவர் டான்ஸ்ரீ டாக்டர் பா. ச. சேகர். மலையாள வம்சாவளியினர். வேதியியல் படித்து, ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தில் சேர்ந்து, 1966இல் அதன் முதல் ஆசிய இயக்குநரானார். ரப்பரைப் பார்வையால் தரம் பிரித்த காலம் போய், ஆய்வுக்கூட அளவுகளால் தரம் பிரிக்கும் மலேசியத் தர ரப்பர் முறை 1965இல் வந்தது. அதிலும் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. 1973இல் மக்சேசே விருது பெற்றார். 2006இல் மறைந்தார். நம் நெகிரியில் இன்று பல தோட்டங்கள் செம்பனையாகிவிட்டன, சில குடியிருப்புகளாகிவிட்டன. கோலப்பிலாவில் மெட்ரிகுலேஷன் கல்லூரி இருக்கிறது. பால் ஸ்டோர்கள் மறைந்தாலும் அங்கே நடந்த வேதியியல் பாடப்புத்தகத்தில் இருக்கிறது.

இனி என் வேண்டுகோள்கள்.

மாணவச் செல்வங்களே, எஸ்.பி.எம். முடிந்து கல்லூரி திறப்பதற்குள் சில மாதங்கள் கிடைக்கும். ஒரு நோட்டில் மூன்று கட்டம் போடுங்கள். தமிழ், மலாய், ஆங்கிலம். நாளுக்கு ஐந்து சொல் எழுதுங்கள். இரண்டு மாதத்தில் 300 சொல் ஆகிவிடும். மோல் கணக்கை நாளுக்கு இரண்டு போடுங்கள். கல்லூரி போனபின் புரியாததை அன்றே கேளுங்கள். விரிவுரையாளரிடம் கேட்கக் கூச்சமாக இருந்தால் மூத்த மாணவரிடம் கேளுங்கள். அதற்கும் கூச்சமானால் எங்களை அழையுங்கள். அழைத்ததால்தான் அந்தப் பெண் தப்பினாள். வாரந்தோறும் ஞாயிறு மாலை தொலைபேசியில் படித்தோம். அயனிச் சமநிலை வந்தபோது என் சரக்கு தீர்ந்துவிட்டது. நம் ஊர் மருந்தாளுநர் ஒருவர் ஏற்றுக்கொண்டார். இன்று அவளும் உள்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் மருந்தியல் படிக்கிறாள்.

பெற்றோர்களே, முதல் இரண்டு மாதம் வீட்டு விசேஷங்களுக்குப் பிள்ளையைக் கூப்பிடாதீர்கள். "எத்தனை மதிப்பெண்?" என்று கேட்பதற்கு முன், "எது புரியவில்லை?" என்று கேளுங்கள். உங்களுக்கு வேதியியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பிள்ளை வாய் திறந்து சொல்ல ஓர் இடம் இருந்தால் போதும்.

நிர்வாகக் குழு நண்பர்களே, சிறப்புத் தேர்ச்சி பெற்றவர்களுக்கு ஆண்டுதோறும் பரிசு கொடுக்கிறோம். அதை நிறுத்தச் சொல்லவில்லை. அதோடு இன்னொன்று சேர்ப்போம். கல்லூரி திறந்த முதல் எட்டு வாரம், வாரம் ஒரு மாலை, இந்த மண்டபத்தில் இரண்டு மேசை, ஒரு வெண்பலகை. நம் ஊரில் மருந்தாளுநர் இருக்கிறார், ஆசிரியர்கள் இருக்கிறார்கள், பொறியியலாளர் இருக்கிறார்கள். முறை வைத்து வரட்டும். விடுதியில் இருக்கும் பிள்ளைகள் தொலைபேசி வழியாகச் சேரட்டும். செலவு தேநீருக்குத்தான். முதல் மாலை நான் வருகிறேன். தேங்காயும் பழமும் வைத்து மோல் கணக்கு நடத்துகிறேன்.

அந்தப் பையனையும் அழைத்திருக்கிறேன். எஸ்.டி.பி.எம். தேர்வைத் தனியார் வேட்பாளராகவும் எழுதலாம். யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறான்.