பழைய இதழ்களை எடைக்குப் போடலாமா?

(கொல்கத்தாவில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

"எந்த விஷயம் வேண்டுமானாலும் பேசுங்கள் மாமா, இருபது நிமிஷம் போதும்" என்று காரியதரிசி சொன்னார். நான் பி.எஸ்ஸி. பௌதிகம் படித்துவிட்டு, முப்பத்தைந்து வருஷம் சர்க்கார் ஃபைல்களோடு காலம் தள்ளியவன். ஆகவே பௌதிகமும் ஃபைலும் கலந்த ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டேன். நம்மவர்கள் எழுதிவைத்த பழைய கட்டுரைகளை நாம் என்ன செய்வது என்பதே அது.

முதலில் என் தப்பு ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். 1998இல் ஒரு சிறிய சபையின் பொறுப்பில் இருந்தேன். நாற்காலிகளை அடுக்க இடம் இல்லை என்று, அலமாரியில் இருந்த ஆண்டு மலர்களையும் பழைய இதழ்களையும் மூட்டை கட்டி எடைக்குப் போட்டுவிட்டேன். வந்த பணம் இரண்டு நாற்காலி வாங்கக்கூடப் போதவில்லை. பத்து வருஷம் கழித்து, வெளிநாட்டிலிருந்து ஒரு பெண் தன் தாத்தா எழுதிய கட்டுரையைத் தேடிக்கொண்டு வந்தாள். அவர் எந்தக் கிராமத்திலிருந்து கல்கத்தா வந்தார், யார் வீட்டில் முதலில் தங்கினார் என்பதெல்லாம் அதில் இருந்தது. நான் படித்திருக்கிறேன். ஆனால் ஊர்ப் பெயர்கூட ஞாபகம் இல்லை. "கிடைக்கவில்லை அம்மா" என்று சொல்லி அனுப்பினேன். விற்றவன் நான்தான் என்று சொல்ல அன்று வாய் வரவில்லை. இன்று உங்கள் முன்னால் சொல்லிவிட்டேன்.

இனி பௌதிகத்துக்கு வருகிறேன். ஸர் சி.வி. ராமன் 1907இல் நிதித் துறை அதிகாரியாக இந்த ஊருக்கு வந்ததும், பௌபஜார் தெருவில் ஆராய்ச்சி செய்ததும் நமக்குத் தெரியும். அவருடைய மருமான், தங்கையின் பிள்ளை பஞ்சரத்தினத்தைப் பலருக்குத் தெரியாது. 1934இல் இதே கல்கத்தாவில் பிறந்தவர். பெங்களூரில் ராமன் ஆராய்ச்சி நிலையத்தில் படிகங்களின் வழியே ஒளி செல்வதை ஆராய்ந்தார். 1956இல், 22 வயதில், இந்தியன் அகாடமி ஆஃப் சயின்ஸஸ் சஞ்சிகையில் ஒரு கட்டுரை வெளியிட்டார்.

அதன் சாரத்தை எளிமையாகச் சொல்கிறேன். ஒளி ஓர் அலை. அந்த அலையின் அதிர்வு எந்த விதத்தில் இருக்கிறது என்பதைப் போலரைசேஷன் என்கிறோம். ஒவ்வொரு விதத்தையும் ஒரு கோளத்தின் மேல் ஒரு புள்ளியாகக் குறிக்கலாம். ஒளியை ஒரு புள்ளியிலிருந்து இரண்டாவதற்கும், அங்கிருந்து மூன்றாவதற்கும் மாற்றி, மறுபடி முதல் புள்ளிக்கே கொண்டுவருவோம். புறப்பட்ட நிலைக்கே வந்துவிட்டது. ஆனாலும் அலையின் ஏற்ற இறக்கத்தில், ஃபேஸ் என்று கல்லூரியில் படித்தோமே, அதில் ஒரு வித்தியாசம் மிஞ்சி நிற்கிறது. அந்த மூன்று புள்ளிகளும் கோளத்தின் மேல் அடைக்கிற முக்கோணத்தின் பரப்பைப் பொறுத்தது அந்த வித்தியாசம் என்று அவர் காட்டினார்.

அன்று அதன் முழு மதிப்பு உணரப்படவில்லை. பஞ்சரத்தினம் 1969இல் ஆக்ஸ்ஃபோர்டில், 35 வயதில் காலமானார். 1984இல் மைக்கேல் பெர்ரி என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, குவாண்டம் பௌதிகத்தில் இதே மாதிரியான ஒரு ஃபேஸ் உண்டு என்று எழுதினார். உலகமே திரும்பிப் பார்த்தது. பெங்களூரில் இருந்த இருவருக்கு, 'இது நமக்குத் தெரிந்த விஷயம் அல்லவா?' என்று பொறிதட்டியது. ஒருவர் பஞ்சரத்தினத்தின் தமையனார் எஸ். ராமசேஷன், மற்றவர் ராஜாராம் நித்யானந்தா. 1986இல் கரண்ட் சயின்ஸ் இதழில், முப்பது வருஷத்துக்கு முந்திய அந்தக் கட்டுரையையும் புதிய கண்டுபிடிப்பையும் இணைத்துக் காட்டினார்கள். மறு வருஷம் பெர்ரியே பஞ்சரத்தினத்தின் வேலையைப் பாராட்டி, அதை இன்றைய குவாண்டம் மொழியில் விளக்கினார். இன்று பஞ்சரத்தினம்-பெர்ரி ஃபேஸ் என்றே பெயர். அதைப் பயன்படுத்தி மெல்லிய தகடு போன்ற லென்ஸ்களைக்கூடச் செய்கிறார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது என்ன? 1956இல் அச்சான கட்டுரையில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. அதனிடம் கேட்ட கேள்விதான் புதிது. ஆனால் அந்தக் கேள்வி வந்தபோது மூன்று காரியங்கள் தயாராக இருந்தன. அச்சான சஞ்சிகை பத்திரமாக இருந்தது. சிதறிக் கிடந்த கட்டுரைகள் 1975இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் மூலம் ஒரே தொகுப்பாக வந்திருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, பழையதும் தெரிந்து புதியதும் தெரிந்த இரண்டு பேர் இருந்தார்கள். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் பெருமை நம்மைத் தேடி வர வெகுகாலம் ஆகியிருக்கும்.

நம் பாஷையிலும் உதாரணம் உண்டு. மகாமகோபாத்தியாய உ.வே. சாமிநாதையர் பத்திரிகைகளுக்கு எழுதிய கட்டுரைகளைத் தொகுத்து வெளியிட்ட புஸ்தகம் ஒன்றின் பெயரே 'பழையதும் புதியதும்'. ஆனந்த விகடனில் அவர் எழுதிவந்த 'என் சரித்திரம்' 1942இல் அவர் காலமானதோடு நின்றது. 1950இல் புஸ்தகமாக வந்ததால் அல்லவா நம் பேரக்குழந்தைகளும் படிக்க முடிகிறது?

"அவர்கள் மகான்கள், நம் இதழில் வருவது சமையல் குறிப்பும் யாத்திரைக் கட்டுரையும்தானே?" என்று நீங்கள் கேட்கலாம். என் கதையையே சொல்கிறேன். 2011இல் பென்ஷன்காரர்களுக்காக ஒரு கட்டுரை எழுதினேன். சமீபத்தில் எடுத்துப் பார்த்தேன். நவம்பரில் பாங்குக்கு நேரில் போய் வரிசையில் நின்று உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். 2014இல் ஜீவன் பிரமாண் வந்த பிறகு வீட்டிலிருந்தே கொடுக்கலாம். மத்திய சர்க்கார் பென்ஷன்காரர்களில் 80 வயதைக் கடந்தவர்கள் அக்டோபர் முதல் தேதியிலிருந்தே கொடுக்கலாம். ஆக, அந்தப் பாதி காலாவதி. ஆனால் குடும்பப் பென்ஷனுக்கான காகிதங்கள் எங்கே இருக்கின்றன என்று ஆத்துக்காரிக்குக் காட்டிவையுங்கள் என்று எழுதிய பாதி, இன்றைக்கும் கணீரென்று நிற்கிறது. அப்படியே மறுபிரசுரம் செய்தால் நாலு பேரைத் தவறான வழியில் அனுப்புவேன். தூக்கி எறிந்தால் நல்ல பாதியும் போய்விடும். திருத்திப் போடுவதே முறை.

ஆகவே பல ஊர்களில் உள்ள நம் உறுப்பினர்களுக்கு என் யோசனைகள்:

1. வீட்டுப் பரணில் நம் இதழோ, சபை மலரோ, கல்யாண வாழ்த்து மடலோ இருந்தால் எறியாதீர்கள். பக்கம் பக்கமாகக் கைபேசியில் படம் எடுங்கள். மாதமும் வருஷமும் தெரிய அட்டையையும் எடுங்கள்.

2. ஒரு நோட்டில் தலைப்பு, எழுதியவர், இதழ், பக்கம், விஷயம் ஒரு வரி என்று பட்டியல் போடுங்கள். பட்டியல் இல்லாத அலமாரி பூட்டிய அலமாரி மாதிரிதான்.

3. மறுபிரசுரம் செய்யும்போது முதலில் வந்த வருஷத்தைப் போடுங்கள். மூலத்தில் கை வைக்காமல், மாறிய விவரங்களைக் கீழே தனியாகச் சொல்லுங்கள்.

4. எழுதியவரிடமோ குடும்பத்தாரிடமோ அனுமதி கேளுங்கள். நம் நாட்டுச் சட்டப்படி, எழுதியவர் காலமாகி 60 வருஷம் வரை காப்புரிமை உண்டு.

5. அலிப்பூரில் உள்ள தேசிய நூலகத்தில் தமிழ்ப் பிரிவு இருக்கிறது. 1954ஆம் வருஷத்துச் சட்டப்படி, நாட்டில் அச்சாகும் ஒவ்வொரு புஸ்தகத்தின் ஒரு பிரதி அங்கே சேர வேண்டும். தொகுப்பு போட்டால் மறக்காமல் அனுப்புங்கள்.

6. இதுதான் அவசரமானது. பழைய கட்டுரையை வீட்டில் உள்ள பெரியவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். "இதில் வருகிற ராமு யார்? லேக் மார்க்கெட் பக்கத்து மெஸ் எங்கே இருந்தது?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். காகிதம் இன்னும் ஐம்பது வருஷம் தாங்கும். பெரியவர்கள் அத்தனை நாள் இருப்பார்களா? பழையது தெரிந்தவரும் புதியது தெரிந்தவரும் ஒரே வீட்டில் இருக்கும்போதே இது நடக்க வேண்டும்.

அந்தப் பெண்ணின் விலாசத்தை நான் இன்னும் வைத்திருக்கிறேன். 1998க்கு முந்திய கல்கத்தா சபை மலர்கள் யார் வீட்டிலாவது இருந்தால் தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள். ஒரே ஒரு கட்டுரை கிடைத்தாலும், நடந்ததைச் சொல்லி அவளுக்கு நானே கடிதம் எழுதுவேன்.