மக்கள் தொடர்புத் தொழிலும் இளைஞர்களும்



படிப்பு முடிந்ததும் எத்தொழிலை மேற்கொள்வது என்னும் கேள்வி உங்கள் அனைவருடைய உள்ளத்திலும் எழுவது இயல்பே. மருத்துவம், பொறியியல், ஆசிரியப் பணி ஆகியவற்றைப் பற்றிப் பலரும் உங்களுக்குக் கூறியிருப்பார்கள். மக்கள் தொடர்பு என்னும் தொழிலைப் பற்றிக் கூறுவோர் மிகச் சிலரே. நம் மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் செய்தி மக்கள் தொடர்பு அலுவலர் என ஒருவர் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். ரயில்வே, வங்கி, மருத்துவமனை, பெருந்தொழிற்சாலை முதலியவற்றிலும் இப்பணியைச் செய்வோர் உண்டு. ஒரு நிறுவனத்தின் செய்தியை மக்களுக்கும், மக்களின் எண்ணத்தை அந்நிறுவனத்திற்கும் எடுத்துச் செல்வதே இவர்களுடைய கடமை. இத்தொழிலில் இளமையிலேயே உயர்வது எவ்வாறு என்பதை ஒருவருடைய வரலாற்றைக் கொண்டு விளக்க விரும்புகிறேன்.

அவர் பெயர் ஐவி லீ. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 1877-ஆம் ஆண்டு ஒரு சமயப் போதகரின் மகனாகப் பிறந்தவர். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். படிப்பு முடிந்ததும் நியூயார்க் நகரப் பத்திரிகைகளில் நிருபராக வேலை பார்த்தார். செய்தியை விரைந்து திரட்டவும், சுருக்கமாக எழுதவும், செய்தியாளர் எதனை நாடி வருகிறார் என்று அறியவும் அவருக்கு அந்த வேலையே பயிற்சிக்கூடமாயிற்று.

அக்காலத்துப் பெருமுதலாளிகள் நிருபர்களைக் கண்டாலே கதவை அடைத்துக்கொள்வது வழக்கம். 1906-ஆம் ஆண்டு நிலக்கரிச் சுரங்க முதலாளிகள் லீயைத் தங்கள் பணியில் அமர்த்தினார்கள். அவர் பத்திரிகைகளுக்குத் தம் கொள்கைகளை எழுதி அனுப்பினார். தம் வேலை முழுவதும் வெளிப்படையாக நடைபெறும் என்றும், தாம் தரும் செய்தி சரியானதாக இருக்கும் என்றும், அதனைச் சரிபார்க்க விரும்புவோர்க்கு உதவுவதாகவும் அதில் உறுதி கூறினார்.

அதே ஆண்டு அக்டோபர் 28-ஆம் நாள் அட்லாண்டிக் சிட்டி அருகே மின்சார ரயில் ஒன்று பாலத்திலிருந்து நீரில் வீழ்ந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். விபத்தை மறைப்பதே அந்நாள் ரயில்வே கம்பெனிகளின் வழக்கம். பென்சில்வேனியா ரயில்வேக்காகப் பணியாற்றிய லீயோ, நடந்ததை அறிக்கையாக எழுதிப் பத்திரிகைகளுக்கு வழங்கினார். நியூயார்க் டைம்ஸ் அதனை அப்படியே வெளியிட்டது. பத்திரிகைகளுக்கு அறிக்கை வழங்கும் வழக்கத்திற்கு அதுவே தொடக்கம் என்று பலரும் கருதுகின்றனர். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தொன்பது. உண்மையை மறைத்தால் அந்த இடத்தில் வதந்தி வந்து அமரும். முன்வந்து சொல்பவனுடைய சொல்லையே மக்கள் நம்புவர். இதனை உணர்ந்தமையே அவருடைய வெற்றிக்குக் காரணம்.

ஆனால் வரலாறு இத்துடன் முடியவில்லை. 1914-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் கொலராடோ மாநிலத்தில் லட்லோ என்னுமிடத்தில் வேலை நிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளரின் கூடார முகாம் தாக்கப்பட்டுத் தீக்கிரையாயிற்று. கூடாரத்தின் கீழ்த் தோண்டியிருந்த குழியில் ஒளிந்திருந்த இரண்டு பெண்களும் பதினொரு குழந்தைகளும் மூச்சுத் திணறி மாண்டனர். சுரங்கக் கம்பெனியில் பெரும்பங்கு கொண்டிருந்த ராக்பெல்லர் குடும்பத்தார் லீயின் உதவியை நாடினார்கள். அவர் வெளியிட்ட துண்டு வெளியீடுகளில் பிழைகள் மலிந்திருந்தன. தொழிற்சங்கத் தலைவர் ஒருவர் ஓராண்டில் பெற்ற தொகையைச் சில வாரங்களில் பெற்றதாக அவை கூறின. விசாரணைக் குழுவினர் கேட்டபொழுது, முதலாளிகள் கொடுத்த விவரங்களைத் தாம் சரிபார்க்கவில்லை என்று லீ ஒப்புக்கொண்டார். ஐவி என்பது ஆங்கிலத்தில் ஒரு கொடியின் பெயர். எழுத்தாளர் அப்டன் சின்க்ளேர் அவருக்கு நச்சுக்கொடி என்று பொருள்படும் பட்டத்தைச் சூட்டினார். அப்பட்டம் அவர் பெயரோடு இன்றளவும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சரிபார்ப்போருக்கு உதவுவேன் என்று உறுதி கூறியவர், தாமே சரிபார்க்கத் தவறினார். எட்டு ஆண்டுகளில் ஈட்டிய நற்பெயருக்குச் சில தாள்கள் மாசு சேர்த்துவிட்டன. கையடக்கத் தொலைபேசியின் வழியே ஒரு செய்தி நொடிப்பொழுதில் ஊரெங்கும் பரவும் இந்நாளில் இவ்விழப்பு இன்னும் விரைவில் நேரும்.

ஆகவே, இத்தொழிலை நாடும் இளைஞர்களுக்குச் சில கூறுவேன். நாள்தோறும் இரண்டு செய்தித்தாள்களைப் படித்து, ஒரே செய்தியை அவை எவ்வாறு வெவ்வேறாகச் சொல்கின்றன என ஒப்பிட்டுப் பாருங்கள். பெரிய அறிக்கை ஒன்றை ஒரு பக்கத்தில் சுருக்கிப் பழகுங்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் பிழையின்றி எழுதக் கற்றுக்கொள்ளுங்கள். பள்ளி விழாவோ, நாட்டு நலப்பணி முகாமோ எதுவாயினும், விருந்தினரை அழைப்பது முதல் நன்றிக் கடிதம் எழுதுவது வரை முன்னின்று செய்யுங்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில் பேசுவதைக் காட்டிலும் கேட்பதே மிகுதியாக இருக்கட்டும். குறை கூற வருபவரிடத்திலேதான் நிறுவனம் அறிய வேண்டிய செய்தி இருக்கிறது. மேலதிகாரி தரும் எண் எதுவாயினும், அது எங்கிருந்து வந்தது என்று பணிவோடு கேட்டு அறிந்த பின்னரே வெளியிடுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, விசாரித்துக் குறித்த நேரத்தில் விடை தருபவரைச் செய்தியாளர் என்றும் மறவார்.

நம் நாட்டில் 1958-ஆம் ஆண்டு இத்தொழிலினருக்கென ஒரு சங்கம் தோன்றியது. 1968-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் நாள் தில்லியில் கூடிய மாநாட்டில் தொழில் ஒழுக்க நெறிகள் ஏற்கப்பட்டன. அந்நாளே தேசிய மக்கள் தொடர்பு நாளாகக் கொண்டாடப்படுகிறது. திறமைக்கு வேண்டிய பயிற்சி நூல்களிலும் வகுப்புகளிலும் கிடைக்கும். உண்மைக்கு மாறானதை எழுதுமாறு பணிக்கப்படும் நாளில் மறுத்துரைக்கும் துணிவை நீங்களே வளர்த்துக்கொள்ள வேண்டும். அத்துணிவை மாணவப் பருவத்திலேயே பழகத் தொடங்குங்கள்.