காந்தம் படத்தை அழுத்தினா என்ன நடக்குது?

டொரன்ட் பக்கங்கள்ல குட்டியா ஒரு காந்தம் படம் பார்த்திருப்பீங்க. அதை அழுத்தினா பிரவுசர் எதையும் டவுன்லோட் பண்ணாது, வேற ஒரு ஆப் திறக்கும். ஏன்னு இன்னைக்குப் பார்க்கலாம்.

1999-ல நாப்ஸ்டர் வந்துச்சு. பாட்டு ஒருத்தர் கம்ப்யூட்டர்ல இருந்து இன்னொருத்தருக்கு நேரா போகும். ஆனா யார்கிட்ட எது இருக்குங்கிற பட்டியல் மட்டும் நாப்ஸ்டர் சர்வர்ல இருந்துச்சு. கேஸ் நடந்து, 2001-ல அந்த சர்வர் நின்னதும் எல்லாமே நின்னுடுச்சு.

நுடெல்லாவுல நடுவுல சர்வரே கிடையாது. "இந்தப் பாட்டு இருக்கா?"ன்னு உங்க கம்ப்யூட்டர் பக்கத்துல இருக்கிறதைக் கேட்கும், அது அதுக்குப் பக்கத்துல கேட்கும். சிக்கல் என்னன்னா, பேரை வெச்சுத் தேடுறதால அதே பேர்ல வைரஸையும் வைக்கலாம். அதோட, தேடுற ஆப் தனி, பிரவுசர் தனி.

இந்த ரெண்டையும் இணைக்க 2002-ல வந்ததுதான் மேக்னெட் லிங்க். உருவாக்கினவர் கோர்டன் மோர். சாதாரண லிங்க் ஒரு ஃபைல் எங்க இருக்குன்னு சொல்லும். மேக்னெட் லிங்க் எது வேணும்னு சொல்லும். அதுல வெறும் தேடல் சொல்லையும் வைக்கலாம், ஃபைலோட கைரேகை மாதிரியான ஹாஷையும் வைக்கலாம். பிட்டொரன்ட்ல பெரும்பாலும் அது 40 எழுத்தும் எண்ணும் கலந்த வரிசை. மெயில் முகவரியை அழுத்தினா மெயில் ஆப் திறக்குற மாதிரி, பிரவுசர் அந்த ஹாஷை டொரன்ட் ஆப்கிட்ட ஒப்படைச்சுடும். அது மத்த கம்ப்யூட்டர்களைக் கேட்டுத் தேடும். வர்ற ஒவ்வொரு துண்டையும் சரிபார்க்கும், ஒத்துவராததைத் தூக்கிப் போட்டுடும்.

இப்போ முக்கியமான விஷயம். கேட்ட ஃபைல்தான் வந்துச்சான்னு ஹாஷ் சொல்லும். அந்த ஃபைல் நல்லதான்னு சொல்லாது. தப்பான லிங்க்கை அழுத்தினா, அச்சு அசலா அந்தத் தப்பான ஃபைலே வரும். அதனால லிங்க் எங்கிருந்து வருதுன்னு பாருங்க. உபுண்டு வேணும்னா உபுண்டு தளத்துக்கே போங்க, அவங்களே டொரன்ட் தர்றாங்க.

இன்னொண்ணு, நீங்க எதைப் பகிர்றீங்களோ, அதைப் பகிர்ற மத்தவங்களுக்கு உங்க ஐபி முகவரி தெரியும். மூடின அறைக்குள்ள நடக்குற வேலை இல்ல இது.

கடைசியா, ஹாஷ் அழியாது, ஆனா ஃபைலை வெச்சிருக்க ஒருத்தராவது வேணும். யாருமே இல்லன்னா அந்த லிங்க் வெறும் எழுத்துதான். நல்ல ஃபைல் கிடைச்சா, முடிஞ்ச உடனே ஆப்பை மூடாம கொஞ்ச நேரம் ஓட விடுங்க. அடுத்து வர்றவருக்கு அது நீங்க கொடுக்குற பங்கு.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.