உச்ச வேகமும் உண்மை வேகமும்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கியோனிக்ஸ் நிறுவனம் 1978-இல் தோற்றுவித்த இந்த எலெக்ட்ரானிக் சிட்டியில், கணிப்பொறித் தொழிலில் ஈடுபட்ட இளைஞர் நம் சங்கத்திலேயே பலர் உளர். அவர்கள்முன் புகைவண்டித் துறை எழுத்தன் ஒருவன் அத்தொழில் பற்றிப் பேசலாமா எனின், நானும் நாள்தோறும் வேகத்தையும் தாமதத்தையும் கணக்கிடுபவனே என்பது என் விடை.

பல கணிப்பொறிகளை வலையால் பிணைத்து, ஒரே கணக்கைப் பகுத்துச் செய்யவைக்கும் அமைப்பைக் ‘கிளஸ்டர்’ என்பர். நம் பெங்களூரில் சி-டாக் நிறுவனம் அமைத்த ‘பரம் பத்மா’ அத்தகையது. 248 செயலிகள் கொண்ட அதன் உச்ச வேகம் நொடிக்கு ஏறத்தாழ 99,200 கோடிக் கணக்குகள். ஆனால் ‘லின்பேக்’ என்னும் சமன்பாட்டுச் சோதனையில் அது காட்டிய வேகமோ 53,200 கோடியே! அந்த அளவைக்கொண்டே 2003 ஜூனில் உலகப் பட்டியலில் 171-ஆம் இடம் பெற்றது. 2007-இல் நான்காம் இடம் பெற்ற புனேயின் ‘ஏகா’வும் தன் உச்ச வேகத்தில் நூற்றுக்கு 69 பங்கே எட்டியது.

எஞ்சியது எங்கே போயிற்று? காத்திருப்பில் போயிற்று. ஒற்றைப் பாதையில் எதிர்வண்டி கடந்து செல்லும்வரை விரைவு வண்டியும் நிலையத்தில் நிற்கத்தானே வேண்டும்? எஞ்ஜினின் ஆற்றல் அப்போது பயன்படாது. அவ்வாறே ஒரு செயலி நினைவகத்திலிருந்து எண் வரவும், அண்டைப் பொறியிலிருந்து செய்தி வரவும் காத்து நிற்கிறது.

பொறிகளைப் பெருக்கினால் இக்குறை தீருமா? 1967-இல் ஜீன் அம்டால் என்னும் அறிஞர் இதற்கு விடை கூறினார். நூறு மணி நேர வேலையில் பகுக்க இயலாத பகுதி ஐந்து மணி எனின், ஆயிரம் பொறிகளை வைத்தாலும் ஐந்து மணிக்குள் முடியாது. இருபது மடங்குக்கு மேல் விரைவும் இல்லை.

ஆதலின் முதலில் அளக்கவேண்டும். நேரம் கணக்கில் செல்கிறதா, செய்தியில் செல்கிறதா என்று பிரித்தறிய வேண்டும். சுமை சமமாகப் பகுக்கப்படாவிடின், மிகுதி சுமந்த ஒரு பொறிக்காக ஏனைய யாவும் காத்து நிற்கும். சிறு செய்திகள் பலவற்றைச் சேர்த்து ஒன்றாக அனுப்பினால் காலம் மிஞ்சும். ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றி, மீண்டும் அளக்கவேண்டும். பலவற்றை ஒருங்கே மாற்றினால் பயன் எதனால் விளைந்தது என்று விளங்காது. லின்பேக்கில் முந்தும் பொறி வானிலைக் கணக்கிலும் முந்தும் என்பதில்லை. செய்யவேண்டிய கணக்கைக் கொண்டே அளப்பது சாலச் சிறந்தது.

அன்பர்களே! இது வெறும் எண் விளையாட்டன்று. வங்கக் கடலில் புயல் உருவாகும்போது, அதன் போக்கைக் கணிப்பவை இத்தகைய பொறிகளே. புயல் கரை கடந்தபின் வரும் விடையால் நாகைக் கடற்கரையின் மீனவர்க்கு என்ன பயன்? பொதுப் பணத்தில் வாங்கிய பொறியில் பாதி காத்துக் கிடந்தால், அவர் படகைக் கரையேற்றும் நேரமன்றோ குறைகிறது?

இளைஞர்களே! பொறியின் உச்ச வேகத்தைப் பெருமையாகச் சொல்வதோடு நில்லாதீர்கள்; உண்மை வேகத்தை அளந்து உயர்த்துங்கள்.