கணனி கட்டும் கடைவாய்ப் பல்



எங்கள் பெரியவர்களில் பலர் ஒரு பக்கத்தால்தான் சாப்பிடுவார்கள். 1993இல் ஜேர்மனியில் வந்த அகதிகள் உதவிச் சட்டம், கடும் நோய்க்கும் வலிக்கும்தான் வைத்தியம் என்றது. செயற்கைப் பல், தள்ளிப்போட முடியாத மருத்துவக் காரணம் இருந்தால் மாத்திரம். அதனால் சூத்தைப் பல்லைப் பிடுங்கிவிட்டு இடைவெளியோடு இருந்தவர்கள் ஏராளம். காப்புறுதி அட்டை கிடைத்த பிறகும் "பிடுங்கி விடுங்கோ டொக்டர்" என்று கேட்கும் பழக்கம் சிலருக்குப் போகவில்லை. வேர் உறுதியாக இருந்தால் பெரும்பாலும் பிடுங்கத் தேவையில்லை. மேற்பகுதியைத் திரும்பக் கட்டலாம்.

கடைவாய்ப் பல்லில் நிறம் சின்ன விசயம். அதன் மேடும் பள்ளமும் எதிர்ப்பல்லோடு பொருந்த வேண்டும். தலைமயிரிலும் மெல்லிய மேடு ஒன்று கூடினாலே வாய் கண்டுபிடித்துவிடும்.

1985இல் சூரிச் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வெர்னர் மோர்மானும் பொறியியலாளர் மார்கோ பிரண்டெஸ்தினியும் 'செரெக்' கருவியால் முதல் நோயாளிக்கு வைத்தியம் செய்தார்கள். கமெரா குழியைப் படம் எடுக்க, இயந்திரம் பீங்கான் கட்டியைக் கடைந்தது. ஆனால் கடிக்கும் மேற்பரப்பை வைத்தியரே கையால் செதுக்க வேண்டியிருந்தது.

அந்தக் குறையைத் தீர்த்த யோசனையின் வேர் எங்களுக்குப் பக்கத்தில், டூபிங்கனில் இருக்கிறது. அங்குள்ள மக்ஸ் பிளாங்க் நிலையத்தில் ஃபோல்கர் பிளான்ஸும் தோமஸ் ஃபெற்றரும் 200 பேரின் தலைகளை அளந்து, மனித முகம் எப்படியெல்லாம் மாறும் என்பதைக் கணக்காக்கி 1999இல் வெளியிட்டார்கள். பிறகு பிளான்ஸ், மியூனிக் பல் வைத்தியர் அல்பேர்ட் மேலுடன் சேர்ந்து அதே கணக்கைப் பல்லுக்குப் போட்டார். 2005இல் அது வெளிவந்தது. பழுதில்லாத பல பற்களை அளந்து பழகிய கணனி, உங்கள் பல்லில் மிஞ்சிய துண்டைப் பார்த்து, மீதி எப்படி இருந்திருக்கும் என்று கணிக்கிறது. இன்னொருவரின் பல்லை ஒட்டவைப்பது அல்ல இது. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

ஆனாலும் கணனி சொன்னதே முடிவல்ல. நீலத்தாளைக் கடிக்கச் சொல்லும்போது வெட்கப்படாமல் நன்றாகக் கடியுங்கள். உயரமாக இருந்தால் அப்போதே சொல்லுங்கள். முறுக்குக் கடிக்கும் வாய் எங்களுடையது.

காசு விசயம். பீங்கான் 'இன்லே'க்கு அரச காப்புறுதி சாதாரண அடைப்பின் செலவை மட்டும் தரும், மிச்சம் உங்கள் கை. கிரௌனுக்கு நிர்ணயித்த சாதாரண வைத்தியச் செலவில் 60 வீதம். 'போனஸ்ஹெஃப்ற்' 10 வருடம் விடாமல் பதிந்திருந்தால் 75 வீதம். வருமானம் குறைந்தவர்களுக்குச் சாதாரண கிரௌன் முழுவதும் கிடைக்கலாம், அதற்குக் காப்புறுதியில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். கிரௌன் என்றால் செலவுத் திட்டத்தைக் காப்புறுதி ஏற்ற பிறகே பல்லில் கை வைக்க விடுங்கள்.